நாலரை நட்சத்திரம், சரி. எத்தனை தடவை "முடியாது" சொன்னார்கள்?

அக்டோபர் 15 வந்துவிட்டால் போதும், அமெரிக்காவில் 65 தாண்டிய பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் தபால்பெட்டி நிரம்பி வழியும். டிசம்பர் 7 வரை மெடிகேர், அதாவது பெரியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டு பிளானை மாற்றிக்கொள்ளலாம் என்பதால் ஒவ்வொரு காப்பீட்டுக் கம்பெனியும் "அரசு தரும் தர மதிப்பில் நாங்கள் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம்" என்று பளபளப்பான அட்டை அனுப்பும். கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆன அப்பா அம்மாவுக்கு பிளான் தேடும் நம் ஆட்களும் இந்த நட்சத்திரத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அதன் மேல் பெரிய நம்பிக்கை இல்லை.

அளப்பதே வீண் என்று சொல்லவில்லை. மாரடைப்பு வந்து பிழைத்தவருக்கு பீட்டா பிளாக்கர் என்ற இதய மாத்திரை எழுதிக் கொடுத்தார்களா என்பது, காப்பீட்டு பிளான்களின் தரத்தை எடைபோடும் ஹீடிஸ் அளவீடுகளில் ஒன்றாக இருந்தது. தொண்ணூறுகளில் நிறைய பேருக்கு அது கிடைக்கவில்லை. எண்ணி வெளியிட ஆரம்பித்த பிறகு பத்து வருடத்துக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைத்து, இனி இதை அளந்து பயனில்லை என்று 2007ல் அந்த அளவீட்டையே எடுத்துவிட்டார்கள். அது உண்மையான சாதனை.

ஆனால் இப்போது நட்சத்திரம் என்பது பணம். 2012லிருந்து நல்ல நட்சத்திரம் வாங்கும் மெடிகேர் அட்வாண்டேஜ் பிளானுக்கு (தனியார் கம்பெனி நடத்தும் மெடிகேர்) அரசு போனஸ் தருகிறது. இன்று நாலு நட்சத்திரம்தான் அதற்குக் கோடு. அதனால்தான் மேமோகிராம் எடுத்தீர்களா, சர்க்கரை டெஸ்ட் செய்தீர்களா என்று வருடக் கடைசியில் அவ்வளவு அன்பாக போன் வருகிறது, கிஃப்ட் கார்டு கூடத் தருகிறார்கள். வாடிக்கையாளர் சேவையைச் சோதிக்க வந்த ஒரே ஒரு போன் காலால் நட்சத்திரம் குறைந்துவிட்டது என்று யுனைடெட்ஹெல்த்கேர் கம்பெனி 2024ல் அரசு மேல் வழக்கே போட்டு, டெக்சாஸ் நீதிமன்றத்தில் ஜெயித்தும்விட்டது. ஒரு போன் காலுக்கு இவ்வளவு என்றால் பாருங்கள்.

சரி, டாக்டர் எழுதிய எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு, எடுப்பதற்கு முன்பே பிளானிடம் வாங்க வேண்டிய முன் அனுமதியை பிளான் மறுத்தால்? நட்சத்திரக் கணக்கில் மேல்முறையீடு பற்றிய அளவீடுகள் இருந்திருக்கின்றன, ஆனால் மேல்முறையீட்டுக்கே போகாத மறுப்பு அதில் எங்கே வரும்? சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018ல் சொன்னது இது: 2014-16ல் மறுக்கப்பட்டவற்றில் மேல்முறையீட்டுக்குப் போனது சுமார் 1 சதவீதம்தான், போனதில் 75 சதவீதத்தில் பிளானே தன் முடிவை மாற்றிக்கொண்டது. அதே அலுவலகம் 2022ல், மறுக்கப்பட்ட முன் அனுமதிகளில் 13 சதவீதம் மெடிகேர் விதிப்படி கொடுத்திருக்க வேண்டியவை என்றது. எழுபத்தெட்டு வயதில், உடம்பு முடியாமல் கிடக்கும்போது, யார் மேல்முறையீட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள்? மாத்திரை ஒழுங்காக வாங்கினாரா என்பதை எண்ணுகிற கணக்கில் இது ஏன் இல்லை?

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. நட்சத்திரம் உங்கள் பிளானுக்குத் தனியாகக் கொடுப்பதில்லை, அரசோடு கம்பெனி போட்ட ஒப்பந்தத்துக்குத்தான். ஒரே ஒப்பந்தத்தில் பல பிளான்கள், சில சமயம் பல மாநிலங்கள்கூட இருக்கும். உங்கள் ஊரில் பிளானின் நெட்வொர்க், அதாவது அதை ஏற்கும் டாக்டர்கள், ஆஸ்பத்திரிகளின் பட்டியல், எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அந்த எண் சொல்லாது.

2024ல் வந்த விதிப்படி, எத்தனை முன் அனுமதிக்கு சரி சொன்னோம், எத்தனையை மறுத்தோம் என்று 2026லிருந்து பிளான்கள் தங்கள் தளத்தில் போட வேண்டும். யாராவது பிளான் கேட்டால் நான் முதலில் அதைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். அப்புறம், பெரியவர் போகும் டாக்டர் ஆபீஸில் பில்லிங் பார்ப்பவரிடம் "முன் அனுமதிக்காக எந்தக் கம்பெனிக்கு அதிகம் ஃபேக்ஸ் அனுப்ப வேண்டியிருக்கிறது" என்று கேளுங்கள். பட்டென்று பேரைச் சொல்லிவிடுவார்கள்.