கேஜைக் கையில் எடுக்கவே மாட்டீர்களா?

"பிளக் போயிருக்கும் சார்." "காயில் வீக் சார்." "கார்புரேட்டர்ல கசடு சார்." மெக்கானிக் சொன்ன இந்த மூன்று வாக்கியங்களுக்கு நான் அழுத தண்டம் 11,400 ரூபாய்.

வண்டி 1998 மாடல் மாருதி 800. மொத்தமே மூன்று சிலிண்டர். அதில் ஒன்று படுத்தால் என்ன ஆகும்? சிக்னலில் நின்றால் சாமி வந்த மாதிரி ஆடுகிறது. ஏற்காடு மலையில் இருபது ஹேர்பின்; மூன்றாவது வளைவிலேயே முதல் கியருக்கு வந்துவிட்டேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்தார்.

மெக்கானிக் ஆரம்பித்ததென்னவோ சரியாகத்தான். ஓடும் இன்ஜினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முதலாவதைப் பிடுங்கினாலும் மூன்றாவதைப் பிடுங்கினாலும் இன்ஜின் தள்ளாடியது. நடுவில் இருப்பதைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இல்லை. சரி, அதுதான் செத்த சிலிண்டர். அந்தப் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு உடைந்திருக்கும். மிஸ்ஸிங், அதாவது சிலிண்டர் வேலை செய்யாமல் விடுவது, பிளக்கோடு போகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று தெரிந்திருக்குமே! அதைச் செய்யவில்லை. புதுப் பிளக், வயர் செட், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, காயில், கார்புரேட்டர் சர்வீஸ் என்று வாராவாரம் ஒரு பில். கடைசியில் அசராமல் சொன்னார்: "ஃபுல் இன்ஜின் பண்ணிடலாம் சார், 45,000 ஆகும்."

இத்தனைக்கும் சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்தில் அமுங்குகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் என்ற ஒன்றை அவர் தொடவே இல்லை. தங்கத்திலா செய்கிறார்கள் அதை?

அப்புறம் பழைய பட்டறைக்காரர் ஒருவரிடம் போனேன். இன்ஜின் சூடாக இருக்கும்போதே மூன்று பிளக்கையும் கழற்றினார், காயில் வயரைப் பிடுங்கினார். "ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட்டர் அடி தம்பி." ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் கேஜை வைத்துப் பார்த்ததில் 165, 70, 160. நடுச் சிலிண்டரில் பாதிக் காற்றுகூட நிற்கவில்லை. பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி அடித்தார். 75. "பிஸ்டன் ரிங் தேஞ்சிருந்தா ஆயில் இடுக்கை அடைச்சு முள்ளு நல்லா ஏறியிருக்கும். ஏறலையே."

பிஸ்டனை மேலே கொண்டுவந்து, வண்டியைக் கியரில் போட்டு, கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டார். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, ஆயில் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட் என்றார். என்னைப் பின்னால் போய் சைலன்சரில் கை வைக்கச் சொன்னார். புஸ்ஸென்று உள்ளங்கையில் காற்று. எக்ஸாஸ்ட் வால்வு! எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

வால்வை அமுக்கித் திறக்கும் டேப்பெட்டின் மூடியைத் திறந்தால் அடுத்த கூத்து. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் இருந்த ஆக மெல்லிய தகடுகூட அந்த வால்வுக்கும் டேப்பெட்டுக்கும் நடுவே நுழையவில்லை. இடைவெளி இல்லையென்றால் வால்வு அதன் சீட்டில், அதாவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் அது படிந்து மூடும் வளையத்தில், முழுசாக உட்காராது. உட்கார்ந்தால்தான் அதன் சூடு ஹெட்டுக்கு இறங்கும். இறங்காமல் ஓரம் கருகிவிட்டது. யார் இப்படி இறுக்கியது? ஆறு மாதம் முன்பு "டேப்பெட் சத்தம் வருது, குறைச்சுக் கொடுங்க" என்று சர்வீஸில் சொன்ன புண்ணியவான் நான்தான். ஆனால் நான் சத்தத்தைத்தானே குறைக்கச் சொன்னேன், வால்வைப் பொசுக்கவா சொன்னேன்? தகடு வைத்து அளக்காமல் காதால் கேட்டே ஸ்க்ரூவைத் திருகியிருக்கிறார்கள்.

ஹெட்டை இறக்கி, வால்வு மாற்றி, லேத்தில் சீட் பிடித்து, புது கேஸ்கெட் போட்டதற்கு 6,500. இப்போது ஏற்காட்டுக்கு இரண்டாவது கியரில் ஏறுகிறது. டேப்பெட் லேசாக டிக் டிக் என்கிறது. அளவு சரியாக இருந்தால் அந்த அளவுக்குச் சத்தம் இருக்கும் என்றார் பெரியவர்.

நேற்று பெட்ரோல் பங்கில் அந்த முதல் மெக்கானிக்கைப் பார்த்தேன். பானட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்: "சார், டேப்பெட் சத்தம் வருதே, டைட் பண்ணிடவா?"