அவன் தட்டுல என்ன இருந்தா உங்களுக்கென்ன?

தைவான்ல படிக்கிற நம்ம பக்கத்துப் பையன் தெருக்கடையில சாப்பிடுற அந்த வீடியோவ இன்னும் எத்தனை குரூப்ல ஃபார்வர்ட் பண்ணப் போறீங்க? நேத்து நீடாமங்கலம் பக்கம் ஒரு காதுகுத்து, கெடாவெட்டு விருந்து. பந்தியில பக்கத்து எலைக்காரர் போனை நீட்டி, "இவன் நம்ம பக்கத்துப் பயதானாம், தைவானுக்குப் படிக்கப் போயி என்ன கருமத்தத் திங்கிறான் பாரு ஆயி"ங்கிறார். பாத்தேன். அப்புறம் அவர் எலையையும் பாத்தேன். ஆட்டு ரத்தப் பொரியல், ரெண்டாவது தடவை கேட்டு வாங்குனது.

அந்தப் பய சாப்பிட்டது என்ன? பன்னி ரத்தத்தோட ஒட்டரிசி கலந்து அவிச்ச கட்டி, மேல கடலைத்தூள், கொத்தமல்லித் தழை. அங்க எந்த நைட் மார்க்கெட்டுக்குப் போனாலும் குச்சியில குத்திக் குடுப்பாங்க. ஆட்டு ரத்தம்னா மருந்து, பன்னி ரத்தம்னா கருமம், இந்தக் கணக்கை எனக்கு யாராச்சும் சொல்லித் தாங்க.

இன்னொண்ணு ஸ்டிங்கி டோஃபு, சோயாப் பால்ல செய்யிற பன்னீர் மாதிரிக் கட்டி. ஆமா நாறும், புளிக்க வெச்ச தண்ணியில ஊறப்போட்டு எண்ணெயில பொரிச்சா நாறத்தான் செய்யும். வேதாரண்யம் பஸ்ல கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்துல உக்காந்து வந்தவங்க நாம. அந்த வாசத்துக்கு எச்சில் ஊறுதுல்ல? அவங்களுக்கு இதுக்கு ஊறுது, அவ்ளோதான். வயல் நண்டு, நத்தை, அறுப்பு முடிஞ்சா எலிக்கறின்னு எல்லாம் தின்னு வளந்த டெல்டாக்காரன் வாந்தி எமோஜி போடுறதுதான் எனக்குத் தாங்கல. பசிச்சுது, சாப்பிட்டான். இதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?

நானும் அங்க சின்ச்சூங்கிற ஊர்லதான் பிஎச்டி பண்ணேன், ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருக்கவங்களுக்குத் தெரியும். முதல் மாசம் பூரா 7-இலெவன் கடை முட்டையும் வாழைப்பழமும்தான். அப்புறம் லேப் சீனியர் அக்கா ஒருத்தங்க (தைவான்காரங்கதான்) செங்ஹுவாங் கோயிலுக்கு, அவங்க ஊர்க் காவல் தெய்வம் கோயிலுக்கு, கூட்டிட்டுப் போனாங்க. 1748-ல கட்டுன கோயில், சாமியச் சுத்தி வாசல் முழுக்கச் சாப்பாட்டுக் கடை, ஊதுவத்திப் புகையும் அடுப்புப் புகையும் ஒண்ணாக் கலந்து வருது. அங்க அரிசி சேவை கெடைக்கும், அந்த ஊர்க் காத்துக்குன்னே பேர் போன ஐட்டம், காத்துலதான் காய வைப்பாங்களாம். ஒரு வாய் வெச்சேன், மூணு வாரமா தொண்டையில நின்னுகிட்டு இருந்த அழுக வந்துருச்சு. கடைக்காரம்மா காரம் ஜாஸ்தியாயிருச்சோன்னு பயந்து தண்ணி கொண்டாந்து வெக்கிது. அதுல காரமே இல்ல, அது வேற விஷயம்.

அப்புறம் முட்டை போட்ட வெங்காயத்தாள் ரொட்டி, கரண்டியால அடிச்சுப் பிரிச்சுத் தருவான், அப்படியே நம்ம பரோட்டாவோட தூரத்துச் சொந்தம். வயசான விவசாயக் குடும்பங்கள்ல மாட்டுக்கறி தொடாதவங்க நெறய, உழுத மாடுன்னு. இதெல்லாம் வீடியோ எடுத்துப் போட்டா யாரும் ஃபார்வர்ட் பண்ண மாட்டீங்க.

"சமைச்சுச் சாப்பிட வேண்டியதுதானே"ன்னு ஒருத்தர் அறிவுரை எழுதிருக்கார். நான் இருந்த ஹாஸ்டல்ல அடுப்பே வெக்கக் கூடாது சார். லேப்ல மெஷின் ஸ்லாட் கெடைக்கிறதே ராத்திரியில, முடிச்சு வர்றப்ப தெறந்திருக்கிறது அந்தத் தெருக்கடைதான். ஒரு தட்டு டோஃபு 60, 70 டாலர், அந்த ஊர் டாலருங்க, நம்ம காசுக்கு ரெண்டரை மூணு ரூபாதான் ஒண்ணு. ஸ்டைபண்ட்ல பாதிய நகைக்கடன் கட்ட ஊருக்கு அனுப்புறவன் வேற எங்க போய் உக்காருவான்?

சைவக்காரங்களுக்கு என்ன வழின்னு கேட்டா அது நியாயமான கேள்வி. புத்த மதம் இருக்கறதால சைவக் கடை நெறயவே உண்டு, தேடிப் போகணும், பூண்டு வெங்காயம் கூட இருக்காது பல கடையில. ஆனா "நம்ம பண்பாடு என்னாவுறது"ன்னு கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்றதா இல்ல. பண்பாடு ஒரு தட்டு டோஃபுல போயிரும்னா போகட்டும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க, கேளுங்க. ராத்திரி பதினோரு மணிக்குத் தனியா ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்து, ஒருத்தன் திரும்பிப் பாக்காம வயிறு நெறய நான் சாப்பிட்டது அந்த ஊர்ல மட்டும்தான். மன்னார்குடியில பொம்பளப் புள்ளையாப் பொறந்து வளந்து, பஸ்ஸ்டாண்ட் பரோட்டாக் கடையில ஒரு நாள் உக்காந்து சாப்பிட்டதில்ல நானு. எப்பவும் பார்சல், அதுவும் தம்பி போய் வாங்கிட்டு வரணும். அந்தக் கல்லுச் சத்தம் எங்க வீட்டு மாடி வரைக்கும் கேக்கும். அப்பல்லாம் எங்க போச்சு உங்க அக்கறை? நான் அங்க இருந்தப்ப போன் பண்ண சொந்தக்காரங்க அத்தனை பேரும் எவ்ளோ வருதுன்னுதான் கேட்டீங்க, சாப்பிட்டியான்னு கேட்டது எங்க அம்மாவும் லேப்ல அந்த அக்காவும்தான். சாப்பிட்டியான்னு கேக்காதவங்களுக்கு என்ன சாப்பிட்டான்னு கேக்க என்ன உரிமை இருக்கு?

அந்த வீடியோத் தம்பி தைவானுக்குப் போறதுக்கு முன்னாடி என்னல்லாம் எடுத்துட்டுப் போகணும்னு என்கிட்ட கேட்ட பையன். புளியும் மொளகாத்தூளும் போதும், மிச்சத்துக்கு அந்த ஊரை நம்புன்னு சொன்னது நான்தான். இப்ப அக்கவுண்ட்ட மூடிட்டுப் போயிட்டான். அவங்க அம்மா காலையில போன் பண்ணி, "அங்க சோறே கெடைக்காதா பாப்பா"ங்கிறாங்க. கெடைக்கும்மா, நல்லாவே கெடைக்கும், அவன் நல்லாத்தான் இருந்தான், நீங்க பாத்தது அவன் சிரிச்சுகிட்டு சாப்பிட்ட வீடியோதான், பாட்டை மாத்திப் போட்டவன் இங்க உள்ளவன்னு விளக்கிச் சொல்றதுக்குள்ள எனக்குப் போதும்போதும்னு ஆயிருச்சு.

வளர்ப்பு சரியில்லன்னு கமெண்ட் போட்ட மூணு பேர் என் லிஸ்ட்லயே இருக்கீங்க, அதுல ஒருத்தர் எனக்கு சித்தப்பா முறை. சித்தப்பா, இன்னிக்கு ராத்திரிக்குள்ள அதை எடுத்துருங்க. இல்லன்னா பிளாக் பண்ணிருவேன், அப்புறம் எங்க அப்பாகிட்ட வந்து நிக்காதீங்க.