2021 வெற்றி ஒருவருடையதன்று

ஸ்பீட்வே என்பது பிரேக் இல்லாத மோட்டார்சைக்கிள்களில் நீள்வட்டத் தடத்தில் ஓடும் பந்தயம். 'டாய் வூஃபிண்டனை நீக்கினால் பிரிட்டிஷ் ஸ்பீட்வே அணியில் எவரும் மிஞ்சார். உள்நாட்டு லீக் ஒருவரையும் உருவாக்கவில்லை' என்று சிலர் கூறுவது பிழையானது. 2013, 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் உலகச் சாம்பியனான வூஃபிண்டனின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆனால் 2021இல் மான்செஸ்டரில், 1989க்குப் பின் முதன்முறையாக பிரிட்டன் உலக அணிப் பட்டத்தை வென்றபோது, அணிக்கு இருவராகப் போலந்துடன் மோதிய இறுதி ஓட்டத்தில் இறங்கியவர்கள் ராபர்ட் லாம்பர்ட்டும் டான் பியூலியும்தான். 4-3-2-0 என்ற புள்ளிமுறையில் போலந்து வீரர் முதலில் வந்தும், இவர்கள் இருவரும் இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பிடித்ததால் 5-4 என்று பிரிட்டன் வென்றது. நான்காவதாக வருபவருக்குப் புள்ளியே இல்லாத அம்முறையில், தேர்வாளர் தேட வேண்டியது ஒரே நட்சத்திரத்தையன்று, பின்தங்காத இணையை. 2024இலும் அதே மைதானத்தில் இவ்விருவரும் பட்டத்தை மீட்டனர்.

பியூலி மூன்றாம் நிலையான நேஷனல் லீக்கில், பெல் வியூ கோல்ட்ஸ் என்ற இளையோர் அணியில் ஓடி மேலே வந்தவர். 2022இல், உலகச் சாம்பியன் தொடரின் ஒரு சுற்றான கார்டிஃப் கிராண்ட் பிரீயையும் வென்றார். 2007இல் கிறிஸ் ஹாரிஸ் வென்ற பின் அங்கு எந்த பிரிட்டிஷ் வீரரும் வென்றிருக்கவில்லை. இவர்கள் ஓடிய போலந்து லீக் இவர்களைக் கூர்மைப்படுத்தியது என்பதை நான் மறுக்கவில்லை. இருப்பினும் 2023 இறுதியில் வுல்வர்ஹாம்ப்டன், பீட்டர்பரோ ஆகிய பிரிட்டிஷ் லீக் அணிகள் தங்கள் தடங்களை இழந்ததே எனக்கு உண்மையான கவலை. பயிலத் தடமில்லாவிட்டால் அடுத்த பியூலி எங்கிருந்து வருவார்?