இறுதியாண்டு மாணவர் காட்சிகளைப் பாருங்கள்

புதிய ஆடை வடிவமைப்பாளர்களைக் கண்டுபிடிக்க இன்ஸ்டாகிராமே போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்குப் பாதிதான் உடன்பாடு. அங்கே நாம் எங்கே தேடுகிறோம்? அல்காரிதம் ஊட்டுவதை விழுங்குகிறோம், அவ்வளவுதான்.

நான் பார்ப்பது ஃபேஷன் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர் காட்சிகளை. லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் 1992-இல் அலெக்சாண்டர் மெக்வீன் காட்டிய முதுகலை ஆடைத் தொகுப்பை ஃபேஷன் பத்திரிகையாளர் இசபெல்லா ப்ளோ மொத்தமாக வாங்கிக்கொண்டார். அன்றைக்கு மெக்வீன் பெயர் யாருக்குத் தெரியும்! இளம் வடிவமைப்பாளர்கள் போட்டியிடும் பிரான்ஸின் இயேர் விழாவும் அப்படித்தான். 1993-இல் விக்டர் அண்ட் ரால்ஃப், 2006-இல் அந்தோனி வக்காரெல்லோ அங்கே வென்றவர்கள். வக்காரெல்லோ பத்தே ஆண்டில் செயின்ட் லாரன்ட் என்ற பெரிய ஃபேஷன் நிறுவனத்தின் படைப்புத் தலைவரானார். இளம் வடிவமைப்பாளர்களுக்கு எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமம் தரும் பரிசின் அறிவிப்பு வந்தால், வென்றவரைவிட இறுதிச்சுற்றில் தோற்றவர்களைத்தான் குறித்துவைப்பேன்.

ஒருவரின் ஆடை பிடித்துப்போனால் அவருடைய லேபிளின் (பிராண்டின்) சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள். கடைகள் பலவும் சரக்கு விற்ற பிறகுதான் காசு தரும். அதற்குள் சின்ன லேபிளுக்கு மூச்சு முட்டிவிடும். முன்பணம் வாங்கித் தைத்துத் தருபவர்கள் என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். (என் மேலங்கி குளிர்காலம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. தையல் மட்டும் அபாரம்.)