6 வெள்ளி சாவிக் கீரை

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கே ஒன்பது பேர் அனுப்பிவிட்டார்கள். மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லட் சந்தையில் என் கடை முன்னால் நின்று, சாவிக் கீரையை (கடுகுக் கீரை வகை) தூக்கிக் காட்டி, "கட்டு 6 வெள்ளியாம், பகல் கொள்ளை" என்று சிரிக்கிறார் ஒரு அண்ணன். சிரிக்கட்டும். அந்தக் 'கொள்ளை'தான் தொண்டையில் நிற்கிறது.

அண்ணே, அந்த 6 வெள்ளியில் (ரிங்கிட்டில்) கீரைக்கு எவ்வளவு, கூரைக்கு எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. குளிருக்குப் பயந்தா கீரைக்கு மேல் பிளாஸ்டிக் கூரை போடுகிறோம்? மழைக்குப் பயந்துதான். மண் தெறித்து இலையில் ஒட்டினால் அழுகல். மற்றவர்கள் மருந்தடித்துச் சமாளிப்பார்கள். நான் மருந்தடிக்காமல் வளர்க்கிறேன், எனக்குக் கூரைதான் மருந்து. அதுவும் நாலு வருஷத்தில் வெயிலில் பொடிந்துவிடும். போன வருஷம் ஒரே ஒரு கொட்டகைக்கு, கூலியோடு, 3,000 வெள்ளிக்கு மேல் போனது. சரி, கூரை போட்டாச்சே என்றால், மழை கழுவாத இலையில் அசுவினிப் பூச்சி குடும்பத்தோடு குடியேறும். பூச்சி மொய்த்துச் சுருண்ட கீரையை யார் வாங்குகிறீர்கள்? விற்கிற கட்டுதான் விற்காத கட்டுக்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டும்.

"தாத்தா காலத்தில் கூரை இருந்ததா?" என்கிறார் ஒருவர். தாத்தா தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டார், வீட்டுக் குழம்புக்கு. விற்றா பிழைத்தார்? "ஹைட்ரோபோனிக் போடலாமே" என்கிறார் இன்னொரு மேதை. உப்புக் கரைசலில் வளர்த்துவிட்டு இயற்கைக் காய்கறி என்று சொல்ல எனக்கு வாய் வராது. கொட்டகைகளுக்காக மலையை வெட்டுகிறார்களே, 2013-இல் இங்கே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளம் மறந்துவிட்டதா என்று கேட்பது நியாயம்தான். என் கொட்டகை சமதரையில் இருக்கிறது. அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் மருந்தடித்தால் மலிவு என்று எனக்குப் பாடம் எடுக்காதீர்கள். அம்மா கீழே செம்பனைத் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் முதுகில் தொட்டி சுமந்து பாராகுவாட் என்ற களைக்கொல்லி அடித்தவர். 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், முழுத் தடை வந்தது 2020-இல். அதற்குள் அம்மாவின் நகங்கள் கறுத்து விழுந்துவிட்டன. இரண்டு இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை. அந்த மலிவுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று யாராவது வீடியோ எடுத்தீர்களா?

இப்போது கட்டுப் போடுவது அம்மாதான். அந்த விரல்களால் ரப்பர் வளையம் மாட்ட நேரமாகும். வீடியோவில் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். 'கொள்ளை' என்றதும் தலையை நிமிர்த்திப் பார்க்கிறார், பாருங்கள், பதினோராவது வினாடியில்.