மலைமேல் பல சூரியன்கள்

சென்ற ஆண்டு மூன்று நாள் மருத்துவமனைக் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். நேர் மேலே டியூப்லைட். கண்ணைத் திறந்தாலும் அதுதான், மூடினாலும் இமைக்குள் அதன் வெளிச்சம்தான். அதை மாட்டியவர் ஒரு தடவையாவது அந்தக் கட்டிலில் படுத்துப் பார்த்திருப்பாரா?

படுத்துப் பார்த்த ஒருவர் உண்டு. பின்லாந்தின் கட்டடக்கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ (1898–1976). நோயுற்றுக் கிடந்தபோதுதான், அறைகள் எல்லாம் நிற்பவர்களுக்காகவே கட்டப்படுகின்றன, படுத்திருப்பவரை யாரும் நினைப்பதில்லை என்பது தனக்கு உறைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பைமியோ ஊரில் 1933-ல் எழுந்த அவருடைய காசநோய் மருத்துவமனையில் நோயாளியின் கண்ணைக் குத்தாத இடத்தில் விளக்கு இருந்தது. நோயாளி நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் கூரைக்கு அடர்ந்த, அமைதியான நிறம். தண்ணீர் விழும் ஓசை பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பிவிடாதபடி கைகழுவும் தொட்டியைக்கூடச் சரித்து வடிவமைத்தார்கள்.

ஆல்ட்டோவைப் பற்றி எழுதுபவர்கள் "கட்டடக்கலைஞர், விளக்குகளும் வடிவமைத்தார், ஓய்வு நேரத்தில் ஓவியம் தீட்டினார்" என்று அடுக்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. ஓய்வு நேரமாம்! சிறு வயதிலேயே முறையாக ஓவியம் பயின்றவர், கடைசிவரை தூரிகையைக் கீழே வைக்காதவர்.

அப்போது பின்லாந்தில் இருந்த வீபுரி ஊரில் ஆல்ட்டோ கட்டிய நூலகத்தைப் பாருங்கள். வடிவமைப்புப் போட்டியில் அவர் வென்றது 1927-ல், நூலகம் திறந்தது 1935-ல். இடையில் திட்டம் பலமுறை மாறியது. வழி புலப்படாமல் திணறியபோது அவர் வரைந்தது கட்டட வரைபடம் அல்ல. கற்பனை மலைகள்; அவற்றின் சரிவுகளில் ஒளி வீசும் பல சூரியன்கள். குழந்தை கிறுக்கியதுபோன்ற படங்கள்தான். அவற்றிலிருந்துதான் நூலகத்தின் மையக் கருத்து பிறந்தது என்று பின்னாளில் அவரே எழுதினார்.

அந்தச் சூரியன்கள் நூலகக் கூரையில் 57 வட்டத் திறப்புகளாக வந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் அகலம், புனல் வடிவம். அவ்வூர் வெயில் நேராக உள்ளே இறங்க முடியாத ஆழம். வெளிச்சம் புனலின் உட்சுவரில் பட்டுச் சிதறிப் பல திசைகளிலிருந்தும் வருவதால், படிப்பவரின் தலையோ கையோ பக்கத்தின்மேல் நிழல் போடுவதில்லை. ஓவியனுக்கு நிழல் தெரியும், அதனால்தான் அதை விலக்கவும் தெரிந்தது என்பது என் கட்சி.

1937-ல் ஹெல்சிங்கியின் சவாய் உணவகத்துக்காகச் செய்த மணி வடிவ விளக்கிலும் இதே அக்கறைதான்: பல்பு கண்ணில் படக் கூடாது, மேசைக்கு மட்டும் வெளிச்சம் வேண்டும். (இந்தப் பணிகளில் எல்லாம் உடன் உழைத்த மனைவி ஐனோவும் கட்டடக்கலைஞர்தான். அவர் பெயர் மட்டும் எப்படியோ விடுபட்டுப் போகிறது.)

இரண்டாம் உலகப் போரில் வீபுரி சோவியத் வசமானது. நூலகம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பாழடைந்து கிடந்தது. இன்று வீபுரி ரஷ்ய ஊர். 2013-ல் புதுப்பித்து முடித்த அதே கூரையின்கீழ் மக்கள் படிக்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதக் காரணம் என் அக்கா மகள். கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். "படம் வரைந்தது போதும், ஏதாவது ஒன்றில் உருப்படியாக நில்" என்று வீட்டில் தினமும் பாட்டு. போன வாரம் அவளுக்கு நல்ல நீர்வண்ணப் பெட்டி ஒன்று வாங்கி அனுப்பினேன். அக்கா இன்னும் என்னிடம் பேசவில்லை.