டாப்-அப் செய்வது பராமரிப்பு ஆகாது

மண்டபத்திலிருந்து சாயல்குடி வரையுள்ள எங்கள் கடற்கரையில் மின்கருவிகளுக்கு முதல் எதிரி உப்புதான். வாடையும் கச்சானும் மாறி மாறிக் கொண்டுவந்து பீங்கான் இன்சுலேட்டர்கள் மீது பூசும் உப்புப் படலம் விடியற்காலைப் பனியில் நனைந்தவுடன் அதன் வழியே மின்கசிவு தொடங்கிவிடும் என்பதால், திறந்தவெளிக் கருவிகளுக்குப் பதிலாக எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு) என்னும் மின்காப்பு வாயு நிரப்பிய மூடிய கருவிகளை நாடுவது நியாயமே. அந்த யோசனையை நான் எதிர்க்கவில்லை. அதனுடன் சேர்ந்து வரும் பொறுப்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பதே என் குறை.

இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, தூய நிலையில் நச்சுத்தன்மையும் இல்லை. ஆனால் வளிமண்டலத்தில் கலந்துவிட்டால், நூறாண்டுக் கணக்கில் இதன் ஒரு கிலோ சுமார் 23,500 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 1997இன் கியோட்டோ உடன்படிக்கையிலேயே இது இடம்பெற்றுவிட்டது. ஐம்பது கிலோ சிலிண்டர் ஒன்று முழுவதும் கசிந்தால் ஏறத்தாழ 1,175 டன் கரியமில வாயுவை வெளியிட்டதற்கு ஒப்பாகும். கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைச் சொல்லிப் பெருமைப்படும் மாவட்டத்துக்கு இந்தக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடலைப் பார்த்திருக்கும் பக்கத்து ஃபிளாஞ்சில் (கருவியின் பாகங்களை இணைக்கும் விளிம்பில்) போல்ட்டுகள் துருவேறி, அந்த அரிப்பு மெல்ல வாயுவை அடைத்துவைக்கும் ரப்பர் வளையம் அமர்ந்திருக்கும் பள்ளம் வரை இறங்கும்போது கசிவு தொடங்குகிறது. உள்ளிருக்கும் வாயுவின் அளவைக் காட்டும் மீட்டரின் முள் பச்சையை விட்டு மஞ்சளுக்கு வந்து அலாரம் அடித்ததும், சிலிண்டரைக் கொண்டுவந்து டாப்-அப் செய்து, முள்ளைப் பச்சைக்கு ஏற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுதிவிடுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றும் வேலையே. வாயு ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் சிலிண்டரை எடைபோட்டு, எந்த பிரேக்கருக்கு (மின்சுற்றைத் துண்டிக்கும் கருவிக்கு) எத்தனை கிலோ போனது என்று பதிவேட்டில் குறித்தாலே கசியும் கருவி எதுவென்று தெரிந்துவிடும். (தராசு வாங்க நிதி இல்லை என்பவர்கள், ஒரு சிலிண்டர் வாயுவின் விலையை விசாரித்துவிட்டுப் பேசட்டும்.)

ஆட்களின் பாதுகாப்பு இதைவிட அவசரமானது. காற்றைவிட ஐந்து மடங்கு கனமான இவ்வாயு கேபிள் பள்ளங்களில் தேங்கி, அங்கிருக்கும் பிராணவாயுவை வெளியேற்றிவிடும். மணமில்லாததால் இறங்குபவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. பலமுறை மின்பொறியை அணைத்த பிரேக்கரைத் திறந்தால் உள்ளே படிந்திருக்கும் வெண்சாம்பல் நிறப் பொடியும் எஸ்எஃப்6 சிதைந்து உண்டான வாயுக்களும் நச்சுத்தன்மை உடையவை. ஈரம் பட்டால் தோலையும் நுரையீரலையும் அரிக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உருவாகும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு செய்யும் வேலையல்ல இது. முகமூடியும் கையுறையும் நிரந்தரப் பணியாளருக்கு மட்டுமன்றி, ஒப்பந்தத் தொழிலாளருக்கும் கொடுக்கப்பட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 24 கிலோவோல்ட் வரையிலான புதிய கருவிகளில் இத்தகைய ஃபுளோரின் வாயுக்களுக்கு 2026 முதல் தடை விதித்துள்ளது. நம்மிடமும் 11, 33 கிலோவோல்ட் அளவில் வாயுவுக்குப் பதில் வெற்றிடத்தில் மின்பொறியை அணைக்கும் வெற்றிட பிரேக்கர்கள் நன்றாகவே இயங்குவதால், அந்த அளவுகளுக்கு இனி எஸ்எஃப்6 கருவி வாங்கத் தேவையே இல்லை. 110 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றில் இது இன்னும் சில காலம் இருக்கத்தான் செய்யும். ஆயுள் முடிந்த அக்கருவிகளைக் காயலான் கடைக்கு ஏலம் விடும்முன் வாயுவை முழுவதும் உறிஞ்சி எடுத்து, எடுத்த எடையைக் காட்டினால்தான் கருவி வாசலைத் தாண்டலாம் என்ற நிபந்தனையை ஏல அறிவிப்பிலேயே சேர்க்க வேண்டும்.